ஐரிஷ் பெயரும் வேண்டும், மதுரைப் பாட்டி வாயிலும் நுழைய வேண்டும்

கேள்வி: நான் மதுரைக்காரி, மெல்பர்னில் இருக்கிறேன். கணவர் ஆஸ்திரேலியர். அவருடைய முன்னோர் மைக்கேல், பிரிட்ஜெட் என்ற தம்பதி, 1850களில் அயர்லாந்தின் கிளேர் கவுண்டியிலிருந்து வந்தவர்கள். எனக்கு ஏழாவது மாதம் நடக்கிறது, ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொள்ளவில்லை. முதல் பெயர் ஐரிஷ், நடுப்பெயர் தமிழ் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். கணவர் இணையத்தில் ஏதோ 'கெல்டிக் பெயர்கள்' பட்டியலைப் பார்த்து சீர்ஷா, ஷிவான், நீவ், டைக் என்று தினம் ஒன்று சொல்கிறார். எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்றாக இருக்கிறது. அம்மா போனில் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். மாமியார் கொலீன் அல்லது ஷீலா என்கிறார். அவர் எழுதி வைத்திருக்கும் வம்சாவளியில் மைக்கேல்–பிரிட்ஜெட்டின் மகன்கள் சினன், ஜெரமையா, மைக்கேல். மகள்கள் ஹனோரா, மார்கரெட், டீலியா. 'சினன்' என்பது சைமனைத் தப்பாக எழுதியது என்கிறார், டீலியா எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. உண்மையான ஐரிஷ் பெயரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஐரிஷ்காரி அல்லாத நான் வைத்தால் சிரிப்பார்களா?

பதில்:

சிரிப்பார்களா என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 'சைமன்' விஷயத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஒரு வரிதான்.

அது எழுத்துப்பிழை இல்லை. கிளேரின் மேற்குப் பகுதிப் பழைய பதிவுகளில் எஸ்-ஐ-என்-ஓ-என் என்ற பெயர் வரும். வெளியூர்க்காரர் கண்ணுக்குப் பிழையாகத் தெரியும், சைமன் என்று 'திருத்தி' விடுவார்கள். உண்மையில் அது செனன் என்ற புனிதரின் பெயர், ஆங்கிலத்தில் எழுதும்போது அப்படி ஆகியிருக்கிறது. செனன் ஆறாம் நூற்றாண்டுத் துறவி. ஷானன் ஆற்றின் முகத்துவாரத்தில், கில்ரஷ் ஊருக்கு எதிரே, ஸ்கேட்டரி என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அவர் மடம் அமைத்தது அங்கேதான். ஒரு வட்டக் கோபுரமும் இடிந்த கோயில்களும் இன்னும் நிற்கின்றன, கடைசிக் குடிகள் 1978-இல் வெளியேறிவிட்டார்கள். தீவில் இருந்த பூதத்தை விரட்டினார் என்று ஒரு கதை, பெண்கள் யாரும் தீவில் கால் வைக்கக் கூடாது என்றார் என்று இன்னொரு கதை. அப்படிப்பட்டவரின் திருநாள் மார்ச் 8-ஆம் தேதி, அதுவும் பெண்கள் தினத்தன்று, வருவதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

இந்தப் பெயர் அயர்லாந்து முழுக்கப் பரவிய பெயர் அல்ல, அந்த ஆற்றுமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர். சுடலைமுத்து என்று ஒருவர் பெயரைச் சொன்னதும் தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது இல்லையா, அப்படித்தான். உங்கள் கணவர் தேடும் பாரம்பரியம் இணையப் பட்டியலில் இல்லை, அவர் அம்மாவின் நோட்டிலேயே இருக்கிறது. நான் சொல்ல வருவதும் மொத்தத்தில் இவ்வளவுதான்: 'ஐரிஷ் பெயர்' என்று பொதுவாகத் தேடாதீர்கள், அந்தக் குடும்பத்தில் யார் என்ன பெயரைச் சுமந்தார்கள், அவர்கள் எந்த ஊர் என்று பாருங்கள்.

இப்போது அந்தப் பிள்ளைகளின் வரிசையைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தில் பெயர் வைப்பதற்குப் பல குடும்பங்களில் ஒரு முறை இருந்தது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூன்றாவது மகனுக்கு அப்பா பெயர். பெண்களில் மூத்தவளுக்கு அம்மாவின் அம்மா பெயர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா பெயர், மூன்றாமவளுக்கு அம்மாவின் பெயர். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார், பாட்டன் பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது நம் பக்கம் இல்லாததா என்ன. இந்த முறையில் போட்டுப் பார்த்தால் மூன்றாவது மகன் மைக்கேல் அப்பா பெயரோடு அப்படியே பொருந்துகிறான். அப்படியானால் சினன் என்பது மைக்கேலின் அப்பாவாக இருக்க வேண்டும், ஜெரமையா பிரிட்ஜெட்டின் அப்பா, ஹனோரா பிரிட்ஜெட்டின் அம்மா. மெல்பர்னில் பிறந்த குழந்தைகளின் பெயர்கள் வழியாக, கப்பலே ஏறாத ஒரு தலைமுறை நமக்குத் தெரிய வருகிறது. 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு முன்பே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள், அந்தப் பஞ்சத்தில் கிளேர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எல்லாக் குடும்பமும் இந்த முறையை வரி பிசகாமல் பின்பற்றியது என்று நினைக்க வேண்டாம். ஒரு குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் சாதாரணம், அதனால் வரிசை குழம்பும். இது ஒரு நல்ல ஊகம்தான், ஆதாரம் வேண்டும். அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது மகள் டீலியா? அவளும் சரியாக வந்து உட்காருகிறாள். டீலியா என்பது பிரிட்ஜெட்டின் செல்லப் பெயர். பிரிட்ஜெட், பெடீலியா, டீலியா என்று சுருங்கியது. அதாவது அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன ஐரிஷ் பெண்களில் பிரிட்ஜெட் அவ்வளவு அதிகம் என்பதால் அதன் சுருக்கமான 'பிடி' என்றாலே வீட்டு வேலைக்காரி என்று கேலிச்சொல்லாகிவிட்டது. அதனால் பலர் அந்தப் பெயரையே விட்டுவிட்டு டீலியா, பெர்த்தா என்று மாற்றிக்கொண்டார்கள். உங்கள் குடும்பத்திலும் அதே காரணம்தானா என்று சொல்ல முடியாது, ஆனால் பெயர் அதுதான். பிரிட்ஜெட்டின் மூலம் கில்டேர் மடத்துப் புனித பிரிஜிட். அவர் திருநாள் பிப்ரவரி 1, அதையொட்டி 2023 முதல் அயர்லாந்தில் அரசு விடுமுறையே உண்டு. ஒரு காலத்தில் கேலிக்கு ஆளான பெயருக்கு இப்போது இப்படி ஒரு மரியாதை.

ஜெரமையாவைப் பார்த்துவிட்டு 'இது விவிலியப் பெயர், ஐரிஷ் இல்லை' என்று தள்ளிவிடப் போகிறீர்கள், அதையும் செய்யாதீர்கள். வீட்டில் ஐரிஷ் பேசியவர்களுக்கு வெளியே ஆங்கிலப் பதிவுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, ஞானஸ்நானப் பதிவேட்டில் பங்குத் தந்தை லத்தீனில் எழுதினார். அதனால் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். எந்த ஐரிஷ் பெயருக்கு எந்த ஆங்கிலப் பெயர் என்ற ஜோடிகள் எப்படி உருவாயின என்பதில் தர்க்கம் அதிகம் தேடாதீர்கள், ஏதோ ஓர் எழுத்து ஒத்துப்போனால் போதும் என்று சேர்த்திருக்கிறார்கள். தெற்கிலும் தென்மேற்கிலும் ஜெரமையா என்று எழுதியிருந்தால் வீட்டில் பெரும்பாலும் டீர்மிட் என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். கார்னீலியஸ் என்றால் கானர். திமத்தி என்றால் டைக். சாரா என்றால் சில வீடுகளில் சைவ், சில வீடுகளில் சொரக்கா. யூஜின் என்றால் ஓவன். கோர்க் பக்கம் அபிகேல் என்று ஒரு பாட்டி இருந்தால் அவர் கோப்னெட்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அது பாலிவூர்னி ஊரின் புனிதை, தேனீ வளர்ப்போருக்குக் காவல். உங்கள் கணவருக்கு டைக் பிடித்திருக்கிறது அல்லவா, வம்சாவளியில் எங்கேயாவது திமத்தியோ, டைக்கின் இன்னொரு ஆங்கில வடிவமான 'தேடி'யோ இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அது பட்டியலில் பொறுக்கிய பெயர் ஆகாது, வீட்டுப் பெயர்.

சரி, கணவரின் பட்டியல். சீர்ஷா அழகான பெயர்தான், விடுதலை என்று பொருள், ஆனால் ஆளுக்கு வைக்கும் பெயராக அது புழக்கத்துக்கு வந்ததே இருபதாம் நூற்றாண்டில், சுதந்திரப் போராட்டத்தை ஒட்டி. 1850களில் கப்பல் ஏறிய பிரிட்ஜெட்டிடம் யாராவது தன் மகள் பெயர் சீர்ஷா என்று சொல்லியிருந்தால் விழித்திருப்பார். அதையும் அயர்லாந்துக்குள்ளேயே சீர்ஷா, சேர்ஷா, சர்ஷா என்று பகுதிக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், மெல்பர்ன் பள்ளி ஆசிரியைக்கு எதைச் சொல்லிக் கொடுப்பீர்கள்? நீவ் என்பதில் கடைசியில் வரும் அந்த 'வ்' தமிழில் நிற்காது, உங்கள் அம்மா நீவு என்றுதான் சொல்வார், தப்பொன்றும் இல்லை, ஆனால் கேட்க ஏதோ உத்தரவு போடுகிற மாதிரி இருக்கும். ஷிவானை உங்கள் அம்மா பிரமாதமாகச் சொல்வார். பிரச்சினையே அதுதான். மீனாட்சி ஊரில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெயர் சிவன் என்று நாலு பேரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே இன்னொன்று. அந்தப் பட்டியல்களில் 'தூய கெல்டிக்', அதாவது கலப்பில்லாத பழைய ஐரிஷ், என்று போடுவார்கள், அதை நம்ப வேண்டாம். ஷிவானும் ஷானும் ஷினேடும் நார்மன்கள் கொண்டுவந்த பிரெஞ்சுப் பெயர்களிலிருந்து ஐரிஷ் ஆனவை. பாட்ரிக் லத்தீன். உங்கள் ஹனோராவும் நார்மன் வழி வந்தவள்தான். எழுநூறு எண்ணூறு வருடம் ஒரு நாட்டில் குடியிருந்த பெயரை அந்நியம் என்று சொல்ல யாருக்கு என்ன உரிமை.

மாமியாரின் இரண்டு பெயர்களில் கொலீன் என்பது ஐரிஷ் மொழியில் பெண்பிள்ளையைக் குறிக்கும் சாதாரணச் சொல்தான், அதைப் பெயராக்கியது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள், அயர்லாந்தில் அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் போலி என்று நான் சொல்லமாட்டேன். மாமியாரின் அம்மாவோ அக்காவோ கொலீன் என்றால் அது ஐரிஷ் ஆஸ்திரேலியக் குடும்பத்தின் அசல் சொத்து, தாராளமாக வையுங்கள். யாருடைய பெயரும் இல்லை, சும்மா ஐரிஷ் மாதிரி ஒலிக்கிறது என்றால் வேண்டாம். ஷீலா வேறு கதை. ஷீலா நமக்குப் பழகிய பெயர், ஐரிஷிலும் அசல் பெயர், கேட்டால் இரண்டு பக்கமும் பொருந்துகிற அருமையான பெயர். ஆனால் நீங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில்! அங்கே 'ஷீலா' என்றால் பொம்பளை என்பது போல ஒரு பழைய கொச்சை. பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்தில் ஒரு பெண் குழந்தை அதைச் சுமக்க வேண்டாம். டப்ளினில் இருந்திருந்தால் நானே வைக்கச் சொல்லியிருப்பேன். உங்கள் மாமியார் தலைமுறையில் அந்தப் பெயருள்ள நல்ல நல்ல பெண்மணிகள் இருக்கிறார்கள், அவரிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படி இரண்டு மொழியிலும் ஒலி ஒத்துப்போகிற பெயர்களைத்தான் கலப்புத் தம்பதிகள் முதலில் கேட்பார்கள். இருக்கின்றன. தாரா, அயர்லாந்தில் பேரரசர்களின் இருக்கையாக இருந்த மீத் கவுண்டிக் குன்றின் பெயர். ரோஷீன் நம் ரோஷினிக்குப் பக்கத்து வீடு. கீரான் என்று பெயர் வைத்தால் இந்தியாவில் பாதிப் பேர் கிரண் என்று நினைத்துக்கொள்வார்கள். அனு என்று கெர்ரி கவுண்டியில் ஒரு பழந்தெய்வமே உண்டு, அவள் பெயரில் இரட்டைக் குன்றுகள் நிற்கின்றன. எல்லாம் நல்ல பெயர்கள். ஆனால் இவை ஒலியின் தற்செயல், உங்கள் குடும்பத்தின் கதை அல்ல. கையில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு நான் இந்த வழியைச் சொல்வேன், உங்களிடம் சரக்கு இருக்கிறது.

எழுத்துக்கூட்டல் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. ஐரிஷ் எழுத்துமுறைக்குள் போய்விட்டால் அது ஒழுங்கான முறைதான், அயர்லாந்தில் எந்தக் குழந்தையும் தடுமாறாது. அங்கே 2021-இல் பெண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்பட்ட பெயரே ஃபீயா, எழுதுவது எஃப்-ஐ-ஏ-டி-எச். மெல்பர்னில் அதே எழுத்துகளைக் கொடுத்தால் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஃபியாட் கார் ஆகிவிடும். வாழ்நாள் முழுக்கப் போனில் எழுத்தெழுத்தாகச் சொல்லப் போவது குழந்தைதான், அப்பா இல்லை. நெடில் ஒலிக்கு உயிரெழுத்தின் மேல் போடும் சாய்வுக்கோடு வேறு இருக்கிறது. ஃபாடா என்பார்கள், அது இருந்தால் ஷான் என்ற ஆள், இல்லாவிட்டால் 'பழைய' என்று அர்த்தமே மாறிவிடும். பாஸ்போர்ட்டின் அடியில் கணினி படிக்கும் வரியில் ஏ முதல் இசட் வரையிலான வெறும் இருபத்தாறு ஆங்கில எழுத்துகளைத்தான் போட முடியும், கோடெல்லாம் காணாமல் போகும். ஆகவே உங்கள் நிலையில் ஆங்கில வடிவத்தையே பதிவு செய்யுங்கள். அதில் பாரம்பரியம் குறைந்துவிடாது, ஏனென்றால் உங்கள் கணவரின் முன்னோரே ஆங்கில வடிவத்தில்தான் கப்பல் பட்டியலில் ஏறினார்கள்.

ஆதாரத்துக்கு வருவோம். விக்டோரியாவில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அங்கே 1853 முதல் எழுதிய மரணச் சான்றிதழ்களில் இறந்தவரின் அப்பா பெயர், அம்மாவின் கன்னிப் பெயர், பிறந்த இடம், எத்தனை வருடமாகக் காலனியில் இருந்தார், பிள்ளைகள் யார் யார் என்று எல்லாமே இருக்கும். தகவல் சொன்னவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள், சில நேரம் அண்டை வீட்டுக்காரர் சொல்லி எழுதியிருப்பார். மைக்கேல், பிரிட்ஜெட் இருவருடைய சான்றிதழையும் வாங்குங்கள். அரசு உதவியோடு வந்திருந்தால் 1871 வரையிலான கப்பல் பட்டியல் விக்டோரியா பொது ஆவணக் காப்பகத்தில் இலவசமாகத் தேடலாம். அயர்லாந்துப் பக்கம் அவ்வளவு சுலபம் இல்லை. 1922-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தபோது பஞ்ச காலத்துக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டன. ஆனால் கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்த ஊர்ப் பங்குக் கோயில்களிலேயே இருந்ததால் தப்பின, அவற்றின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. 1850களின் நிலவரி மதிப்பீட்டுப் பதிவில் சினனின் பெயர் குடும்பப் பெயரோடு கிடைக்குமா என்று கிளேர் கவுண்டி நூலகத்தின் இணையதளத்தில் பாருங்கள், வம்சாவளித் தேடலுக்கு அவ்வளவு நன்றாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கணவருக்கு ஒரு வேலையும் கிடைத்த மாதிரி இருக்கும், தினம் ஒரு பெயர் சொல்வதும் நிற்கும்.

ஐரிஷ்காரி இல்லாத நீங்கள் வைத்தால் சிரிப்பார்களா? குழந்தை ஐரிஷ் வம்சம்தானே, நீங்கள் அதன் அம்மா. அயர்லாந்துக்காரர்கள் சிரிப்பது வேறு விஷயத்துக்கு: சம்பந்தமே இல்லாத எழுத்துக் கோவையை வைத்துவிட்டுத் தப்பாக உச்சரிப்பவர்களைப் பார்த்து. வீட்டுப் பாட்டி பெயரை வைத்தவரைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அப்புறம், நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்பார்கள்: இந்தப் பெயரால் ஐரிஷ் பாஸ்போர்ட் கிடைக்காது. தாத்தா பாட்டி அயர்லாந்தில் பிறந்திருந்தால் வழி உண்டு, உங்கள் விஷயத்தில் அது தலைமுறைகள் தள்ளிப் போய்விட்டது.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பையன் என்றால் செனன். எஸ்-இ-என்-ஏ-என், படித்தால் படித்தபடி ஒலிக்கும், மெல்பர்னிலும் மதுரையிலும். வீரசேனன், சூரசேனன் என்று கேட்டு வளர்ந்த உங்கள் அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படாது. பெண் என்றால் நோரா. ஹனோராவின் சுருக்கம், கிளேர் வீடுகளில் அன்றாடம் கூப்பிட்ட பெயர். டீலியாவும் எனக்குப் பிடிக்கும், நோரா நிறையப் பேருக்கு இருக்கிறது என்று தோன்றினால் அதற்குப் போங்கள், மாமியாருக்குத் தெரியாமல் போன ஒரு பெயரை அவருக்கே மீட்டுக் கொடுத்த மாதிரியும் ஆகும். பிறந்த பிறகு விக்டோரியாவில் பதிவு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு, பிரசவ அறையிலேயே முடிவெடுக்க வேண்டியதில்லை. தமிழ் நடுப்பெயரை அதற்குள் உங்கள் அம்மாவிடம் கேட்டு வாங்கிவிடுங்கள், நோராவுக்குப் பிறகு இரண்டெழுத்துப் பெயர் வந்தால் மொட்டையாக இருக்கும், கொஞ்சம் நீளமாகக் கேளுங்கள்.

பிரிட்ஜெட்டின் மரணச் சான்றிதழ் வந்ததும் அம்மா பெயர் எழுதும் கட்டத்தை முதலில் பாருங்கள். ஹனோரா என்று இருந்தால் வேலை முடிந்தது. வேறு பெயர் இருந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், அது என்ன பெயரின் மறுவடிவம் என்று பார்த்துச் சொல்கிறேன்.